முள் இன்னும் காலில் இருக்கிறதா? மனப் பிரச்சினைக்கு மூலகாரணம் தேடுவது பற்றி

எனக்கு லிஃப்ட் என்றால் பயம். இப்போது அவ்வளவாக இல்லை. ஆனால் ஏழெட்டு வருடம் நன்றாகவே இருந்தது. ஆபீஸ் ஆறாவது மாடி. தினமும் படியேறுவேன். கேட்டவர்களிடம் "எக்சர்சைஸ்" என்று சொல்லிவைத்திருந்தேன். என்னைப் பார்த்து இரண்டு பேர் படியேற ஆரம்பித்தார்கள், அந்தப் பாவம் வேறு.

இந்தப் பயம் எதனால் வந்தது என்பதில் எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து கிடையாது. அம்மா சொல்வது: நாலு வயதில் ஒரு கல்யாண மண்டபத்துப் பாத்ரூமில் தாழ்ப்பாள் சிக்கி அரை மணி நேரம் உள்ளே கத்திக்கொண்டிருந்தேனாம், அதுதான். பாட்டி இன்னும் பின்னால் போவார். நான் மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததால்தான் மூடின இடம் என்றால் மூச்சு முட்டுகிறது. (மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமா எழுபதைத் தாண்டி நன்றாகத்தான் இருக்கிறார்.) அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. "ராத்திரி கண்ட கண்ட பேய்ப் படத்தைப் பார்த்தா வேற என்ன ஆகும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

அலுவலகம் பதினோராவது மாடிக்கு மாறியபோதுதான் ஓர் உளவியலாளரைப் பார்க்கப் போனேன். மூன்று கட்சியின் வாதத்தையும் ஃபைல் போட்டு எடுத்துப்போகாத குறை. அவர் பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். அப்புறம் கேட்ட கேள்வி: "கடைசியா எப்ப லிஃப்ட்ல போனீங்க? உள்ள நின்னு என்ன செஞ்சீங்க?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகிறாரே என்று தோன்றியது. "எதனால வந்ததுன்னு தெரியாம எப்படி மேடம் சரியாகும்?" என்று கேட்டே விட்டேன். "தெரிஞ்சா நல்லது. தெரியாட்டியும் அடுத்த வாரம் ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

அந்தப் பதில் சரிதானா என்று பிறகு நிறைய நாள் படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரிதான். ஆனால் சரியில்லாத இடங்களும் உண்டு, அவை முக்கியமானவை.

ஃபிளாஷ்பேக் முடிந்தால் குணம்

காரணத்தைக் கண்டுபிடித்தால் நோய் போய்விடும் என்கிற எண்ணம் நமக்குப் புதிதல்ல. குழந்தை ராத்திரியில் வீறிட்டு அழுதால் "எதையோ பார்த்துப் பயந்திருக்கு" என்று தர்காவுக்கோ கோயிலுக்கோ தூக்கிப்போய் மந்திரித்து வருகிறோம். எதைப் பார்த்தது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பெரியவர்கள் என்றால் கண்ணேறு, செய்வினை, ஏழரைச் சனி. இதையெல்லாம் நம்பாதவர்களுக்கு சினிமா இருக்கிறது. கதாநாயகிக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டால் மயக்கம் வரும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்க மனசுல ஆழமா ஒரு அதிர்ச்சி பதிஞ்சிருக்கு" என்பார். ஃபிளாஷ்பேக் ஓடும். கறுப்பு வெள்ளையில் ஒரு கொலை. திரும்பக் கலருக்கு வரும்போது அந்தப் பெண் அழுது முடித்திருப்பாள், நோயும் போயிருக்கும்.

அந்த சினிமா டாக்டருக்கு ஒரு முன்னோர் உண்டு. வியன்னாவில் இருந்த யோசஃப் ப்ராயர். 1880இல் அவரிடம் இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி சிகிச்சைக்கு வந்தாள். கை கால் மரத்துப்போதல், பார்வைக் கோளாறு, தாய்மொழியை மறந்து ஆங்கிலம் மட்டுமே பேசுதல் என்று ஏகப்பட்ட தொல்லைகள். அதில் ஒன்று, கடும் கோடையில் தாகம் தொண்டையை வறட்டியபோதும் தண்ணீர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனதும் தள்ளிவிடுவாள். சுமார் ஆறு வாரம் பழங்களைத் தின்றே தாகத்தைத் தணித்திருக்கிறாள். ஒருநாள் ஹிப்னாட்டிச மயக்கத்தில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அவளுக்குப் பிடிக்காத ஓர் ஆங்கிலேயத் தோழி, அந்தத் தோழியின் நாய், அது ஒரு டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததைப் பார்த்த அருவருப்பு. மரியாதைக்காக அடக்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். தண்ணீர் கேட்டாள், குடித்தாள். அந்தத் தொல்லை அதோடு போய்விட்டதாக ப்ராயர் எழுதினார்.

1895இல் ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவளுக்கு 'அன்னா ஓ.' என்று பெயர். உளப்பகுப்பாய்வு என்ற பெரிய மரம் முளைத்த விதைகளில் இது ஒன்று. புதைந்துகிடக்கும் காரணத்தைத் தோண்டி எடுத்தால் நோய் கரையும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

நூலில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்ததாகச் சொல்லப்பட்ட 1882ஆம் வருடமே அந்தப் பெண் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டாள். தொல்லைகள் தீரவில்லை, வலிக்காகக் கொடுத்த மார்ஃபினுக்கு அடிமையாகவும் ஆகியிருந்தாள். வரலாற்றாசிரியர் ஆன்ரி எலன்பெர்கர் அந்த விடுதியின் பழைய குறிப்புகளைத் தேடிப்பிடித்து 1972இல் வெளியிட்ட பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது. அவளுடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான அமைப்பை 1904இல் நிறுவி, பெரிய சமூக சேவகியாகத் தபால்தலையிலும் இடம்பிடித்தார். அவர் எப்படி மீண்டார் என்பது வேறு கதை. டம்ளரில் வாய் வைத்த நாய் நினைவுக்கு வந்ததால் மட்டும் மீளவில்லை என்பது உறுதி.

முயலும் மிட்டாயும்

இப்போது நியூயார்க். 1924. பீட்டர் என்ற சிறுவன், சோதனை ஆரம்பிக்கும்போது வயது 2 வருடம் 10 மாதம். முயலைக் கண்டால் அலறுவான். வெள்ளெலி, ரோம அங்கி, பஞ்சு, எல்லாவற்றுக்கும் பயம். மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் உளவியலாளர் அவனை எடுத்துக்கொண்டார். அவனுக்கு இந்தப் பயம் எப்படி வந்தது என்று ஜோன்ஸுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதில் அவர் நேரத்தைச் செலவழிக்கவும் இல்லை.

செய்தது இவ்வளவுதான். பீட்டரை அவனுடைய உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, பிடித்த தின்பண்டம் கொடுப்பார்கள். அவன் தின்றுகொண்டிருக்கும்போது கம்பிக் கூண்டில் முயல் வரும், அவன் சாப்பாட்டை விட்டுவிடாத தூரத்துக்கு. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே. முயலுக்குப் பயப்படாத மற்றக் குழந்தைகள் அதோடு விளையாடுவதையும் பார்க்க விடுவார்கள். நடுவில் அவனுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. வெளியே வரும்போது வாசலில் ஒரு பெரிய நாய் மேலே பாய, பழைய பயம் திரும்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் முயலை மடியில் வைத்துக்கொண்டு, அது தன் விரலைக் கொறிக்கவும் விட்டான்.

பயம் போனது. காரணம் கடைசிவரை தெரியவில்லை.

இந்தச் சின்ன ஆய்வை அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. முப்பது வருடம் கழித்துத் தென்னாப்பிரிக்காவில் ஜோசப் வோல்பே இதே வழியை ஒழுங்குபடுத்திப் பெரியவர்களுக்குச் செய்யத் தொடங்கிய பிறகுதான் பேசப்பட்டது. உடனே உளப்பகுப்பாய்வு அணியிலிருந்து எதிர்ப்பும் வந்தது: வேரை விட்டு அறிகுறியை வெட்டினால், அதே நோய் வேறொரு அறிகுறியாக முளைக்கும்! லிஃப்ட் பயத்தைப் போக்கினால் நாய்ப் பயம் வரும் என்பதுபோல. நியாயமான சந்தேகம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்ததில் பொதுவாக அப்படி நடக்கவில்லை. ஒரு பயத்தை வென்றவர்கள் மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் தெளிவாகிறார்கள் என்பதையே அதிகம் பார்த்தார்கள்.

தொடங்கியது எது, தொடர்வது எதனால்

முள் குத்திய கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் உள்ளேயே இருந்தால் அதை எடுக்காமல் மேலே என்ன தடவினாலும் சீழ்தான் பிடிக்கும். ஆனால் முள் என்றோ விழுந்துவிட்டது, அந்த வலிக்குப் பயந்து பத்து வருடமாக ஒரு பக்கம் சாய்ந்தே நடந்ததில் இப்போது இடுப்பு வலிக்கிறது என்றால்? எந்த வரப்பில் குத்தியது, கருவை முள்ளா இலந்தை முள்ளா என்று தேடிப் போய் இடுப்பு நேராகாது. நடையைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு பிரச்சினையைத் தொடங்கி வைத்தது ஒன்று. அதை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் நாம் 'காரணம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம். மனநலத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் குறிப்பெழுதும்போதே இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பார்கள்: இவருக்கு இது வர ஏதுவாக இருந்தவை, தூண்டிவிட்டது, தொடரச் செய்கிறவை, இவரைத் தாங்கிப்பிடிப்பவை என்று. சிகிச்சையின் கை பெரும்பாலும் மூன்றாவதன் மேல்தான் இருக்கும். ஏனென்றால் அது மட்டும்தான் இன்று, இந்த அறையில், கைக்கு எட்டுகிறது.

என் லிஃப்டையே எடுத்துக்கொள்வோம். 'ப்ளீஸ் க்ளோஸ் தி டோர்' என்று கெஞ்சிக்கொண்டிருந்த பெண் குரல் நிற்கிறது, கதவு மூடுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளங்கை ஈரம். "காத்து பத்தாது" என்று தோன்றுகிறது. தோன்றியதும் வேகவேகமாக மூச்சை இழுக்கிறேன். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரக்கும். பார்த்தாயா, மயங்கப் போகிறேன் என்று பயம் இன்னும் ஏறுகிறது. ஏறிய பயம் மூச்சை இன்னும் வேகமாக்குகிறது. (பேனிக் அட்டாக்கின் சுழற்சியும் இதுதான். உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தை 'ஹார்ட் அட்டாக்', 'மயக்கம்' என்று தப்பாகப் படிப்பதுதான் அதன் அச்சாணி என்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் க்ளார்க் 1986இல் எழுதினார்.) இரண்டாவது மாடியிலேயே இறங்கிவிடுகிறேன். அப்பாடா என்று ஒரு நிம்மதி.

அந்த அப்பாடாதான் வில்லன். "இறங்கியதால் பிழைத்தேன்" என்று மனசு எழுதிக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பேன் என்று அதற்குத் தெரியவர நான் ஒரு வாய்ப்பும் தரவில்லை.

இறங்காமல் போன சில தடவைகளும் உண்டு. அப்போது என்ன செய்தேன் என்று என் உளவியலாளர் துருவித் துருவிக் கேட்டார். செல்போனைக் கையில் பிடித்து சிக்னல் கோடு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். யாராவது கூட வந்தால்தான் ஏறுவேன். மழை வரும்போல இருந்தால் ஏறவே மாட்டேன், கரண்ட் போய்விடும் என்று. எனக்கு இதெல்லாம் முன்னெச்சரிக்கை. அவர் பார்வையில், பயத்துக்கு நான் வேளாவேளைக்குப் போடும் தீனி. பத்திரமாக வந்து சேர்ந்த புகழ் எல்லாம் சிக்னல் கோட்டுக்குப் போய்விடுகிறது.

சிகிச்சை முயல் கூண்டு மாதிரிதான் நடந்தது. முதலில் அவர் அறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொன்னார். லிஃப்டில் வரும் அதே கிறுகிறுப்பு, ஃபேனுக்குக் கீழே, ஜன்னல் திறந்திருக்கும் அறையில் வந்தது. அன்றைக்குப் பாதி பயம் போனது என்றே சொல்வேன். பிறகு லிஃப்டுக்குள் கதவைத் திறந்துவைத்து நிற்பது. ஒரு மாடி. மூன்று மாடி, போன் பைக்குள். பதினொன்று. பயம் தானாக இறங்கும்வரை இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம். ஏழு வாரம் ஆனது.

கல்யாண மண்டபத்துப் பாத்ரூம் பேச்சு நடுவில் ஒரே ஒரு முறை வந்தது, நான் இழுத்து. "அது உண்மையாவே நடந்திருக்கலாம். ஆனா அந்த மண்டபத்தை இடிச்சு பத்து வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

பயத்துக்கு இது சரி, மனச்சோர்வு போன்ற ஆழமான விஷயங்களுக்கு? அங்கேயும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. மனச்சோர்வின் அடியில் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பதுபோலச் சிறு வயதிலேயே ஊறிய நம்பிக்கைகள் இருக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டும் என்பது ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை. இன்று சிபிடி என்று சுருக்கமாக நாம் கேள்விப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையின் தாய் அது. 1996இல் நீல் ஜேகப்சனும் அவர் குழுவினரும் சுமார் 150 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அடி ஆழ நம்பிக்கை வரை போகும் முழு சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு மேலோட்டமான பகுதி மட்டும்: முடங்கிக் கிடப்பதை விட்டு எழுந்து, நாளுக்கு ஒன்றிரண்டு பயனுள்ள காரியம், மனதுக்குப் பிடித்த காரியம் என்று திட்டம் போட்டுச் செய்வது. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறின. வேர் வரை தோண்டியதால் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை.

மருந்துகளின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், பித்து நிலையில் இருப்பவர்களின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது, அதுதான் காரணம் என்று நம்பினார். அதைச் சோதிக்க கினி பன்றிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, வேறொரு வசதிக்காகச் சேர்த்த லித்தியம் உப்பு அவற்றை மந்தமாக்குவதைப் பார்த்தார். தானே கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949இல் முடிவை வெளியிட்டார். நச்சுக் கதை பொய்த்துப்போனது. லித்தியம் இன்றைக்கும் இருமுனைக் கோளாறுக்கு (பித்தும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) முதல்வரிசை மருந்து. சரியான மருந்தைத் தப்பான காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது என்பது வேடிக்கைதான்.

முள் உள்ளே இருக்கும்போது

இதுவரை படித்துவிட்டு 'காரணமே வேண்டாம்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முள் இன்னும் காலில் இருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய, அங்கே காரணத்தைத் தேடாமல் விடுவது அஜாக்கிரதை.

முதலில் உடம்பு. எப்போதும் அசதி, எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் தூக்கமாக வருகிறது, எடை கூடுகிறது. மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு சுரப்பு குறைந்ததாகவும் இருக்கலாம். அதுவே அதிகமானால் படபடப்பு, நடுக்கம், பதற்றம். பி12 குறைவு, ரத்தசோகை, வேறு நோய்க்கு எடுக்கும் ஸ்டீராய்டு, ராத்திரிதோறும் உள்ளே போகும் மது, இவை எல்லாம் மனநோயின் வேஷம் போடும். அதனால்தான் நல்ல மருத்துவர் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கிறார். தைராய்டு குறைந்தவரை உட்காரவைத்து அவருடைய பால்யத்தைப் பற்றி ஆறு மாதம் பேசுவதைப்போலக் கொடுமை வேறில்லை.

இதற்குச் சரித்திர சாட்சியே உண்டு. நூறு வருடம் முன்பு ஐரோப்பிய, அமெரிக்க மனநோய் விடுதிகளை ஒரு நோய் நிரப்பிக்கொண்டிருந்தது. நடுவயதில் திடீரென்று தான் சக்கரவர்த்தி, கோடீஸ்வரன் என்று பேச ஆரம்பித்து, பின் கை கால் விழுந்து, சில வருடங்களில் இறந்துபோவார்கள். ஒழுக்கக்கேடு, அதிக உழைப்பு, பரம்பரை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1913இல் நோகுச்சியும் மூரும் இறந்தவர்களின் மூளையிலேயே சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியைக் காட்டினார்கள். மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துக் கிருமியை அடக்கும் முரட்டு வைத்தியத்துக்காக வாக்னர்-யாவ்ரெக் 1927இல் நோபல் பரிசே வாங்கினார். பிறகு பெனிசிலின் வந்தது. ஒரு காலத்தில் வார்டு வார்டாக நிரம்பியிருந்த நோயை இன்று மனநல மருத்துவர்கள் பாடப் புத்தகத்தில்தான் அதிகம் பார்க்கிறார்கள். வேரைக் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

அடுத்தது வீடு. கணவன் தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். மனைவிக்குத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது. அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்புவதா சிகிச்சை? லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் ஆய்வு செய்து 1978இல் வெளியிட்டார்கள். பெரிய இடி ஒன்று விழும்போது யார் மனச்சோர்வில் சாய்கிறார்கள் என்று பார்த்தால், மனசுவிட்டுப் பேச நெருக்கமான ஆள் இல்லாதவர்கள், வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேல் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள், வெளியே வேலை இல்லாதவர்கள், பதினொரு வயதுக்குள் தாயை இழந்தவர்கள். இந்தப் பட்டியலில் கடைசி ஒன்றை மட்டும்தான் யாராலும் மாற்ற முடியாது. மற்றதெல்லாம் இன்றைய விஷயங்கள். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று காலையில் வயிற்றுவலி சொல்லும் பிள்ளையும் அப்படித்தான். ஐந்து நிமிடம் விசாரித்தால் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து கிள்ளும் ஒருவன் அகப்படலாம். அவனை விட்டுவிட்டுப் பிள்ளைக்குத் தைரியம் கற்பித்துப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது, நினைவே முள்ளாகக் குத்திக்கொண்டிருப்பது. விபத்து, பாலியல் வன்முறை, போர், வெள்ளம், இவற்றில் சிக்கியவர்களில் சிலருக்கு அந்தச் சம்பவம் முடிந்துபோனதாக மனசு ஒத்துக்கொள்வதே இல்லை. கனவில் வருகிறது, ஒரு டயர் கிறீச்சிட்டால் வருகிறது. இவர்களுக்கு எட்னா ஃபோவா போன்றவர்கள் வகுத்த சிகிச்சையில் அந்தச் சம்பவத்துக்குள்தான் போயாக வேண்டும், பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவர் துணையோடு, திரும்பத் திரும்ப. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே யாரும் காரணத்தைத் 'தேடவில்லை'. அது அவருக்கு முன்பே நன்றாகத் தெரியும், மறக்க முடியாததுதான் தொல்லை. கண்டுபிடிப்பதால் குணமாகவில்லை, ஒதுங்கி ஓடுவதை நிறுத்துவதால் குணமாகிறது. அப்புறம், சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்வது பிற்காலத் தொல்லையைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியும் விட்டது என்று ஆய்வுகளில் தெரிந்தது. அக்கறையில் செய்வதுதான், இருந்தாலும்.

தோண்டுவதில் உள்ள ஆபத்து

தேடினால் என்ன நஷ்டம், கிடைத்தால் லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் உண்டு, அதை வேறு யாரோ கட்ட வேண்டியிருக்கும்.

ஆட்டிசத்தை முதலில் விரிவாக விவரித்த லியோ கேனர், அந்தக் குழந்தைகளின் பெற்றோர் உணர்ச்சியற்றவர்களாக இருப்பதாக எழுதிவைத்தார். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற கொடிய சொல் அதிலிருந்து கிளம்பியது. சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் அதைப் பிடித்துக்கொண்டு பிரபலப்படுத்தினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள், தங்கள் பாசமின்மையால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று டாக்டர் வாயாலேயே கேட்டார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன், 1964இல் இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று ஆதாரங்களைத் திரட்டி எழுதிய பிறகுதான் அந்தப் பழி மெல்ல இறங்கத் தொடங்கியது. காரணம் சொல்லியாக வேண்டும் என்ற அவசரத்தில் பக்கத்தில் நிற்பவர் தலையில் கட்டிவிடுவது எவ்வளவு சுலபம்! நம் ஊரிலும் பிள்ளைக்கு எது வந்தாலும் "நீ வளர்த்த லட்சணம்" என்பதற்கு டாக்டர்கூடத் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து, தேடினால் இல்லாததும் கிடைக்கும் என்பது. 1995இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரலும் 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் நான்கைக் கொடுத்து நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று நிஜம், வீட்டார் சொன்னது. ஒன்று இட்டுக்கட்டியது: கடைத்தெருவில் தொலைந்துபோய் அழுதாய், ஒரு பெரியவர் கொண்டுவந்து விட்டார் என்று. ஏறக்குறைய நாலில் ஒரு பங்குப் பேருக்கு அது முழுசாகவோ அரைகுறையாகவோ 'நினைவு' வந்துவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் சில சிகிச்சையாளர்கள், உங்கள் துன்பத்துக்கு அடியில் நீங்களே மறந்துபோன ஏதோ கொடுமை இருக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடக்காததை நடந்ததாக நம்பிக் குடும்பங்கள் நீதிமன்றம்வரை போயின. உண்மையில் பாதிக்கப்பட்டவர்களின் சொல்லையும் சேர்த்துச் சந்தேகிக்க இது வழிவிட்டதுதான் பெரிய கொடுமை.

சாதாரணமாக நம்மைப் பிடிப்பது மூன்றாவது. "நான் ஏன் இப்படி ஆனேன்" என்று ராத்திரி இரண்டு மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பது. ஏதோ வேலை நடக்கிற மாதிரி இருக்கும், ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது. காரணம் முழுசாகத் தெரிந்த பிறகு மாறிக்கொள்கிறேன் என்பது, மாறாமல் இருக்க எனக்கு நானே வாங்கிக்கொண்ட வாய்தா. லிஃப்டில் ஏறுவதைவிட லிஃப்ட் பயத்தின் பூர்வீகத்தை ஆராய்வது எவ்வளவோ சுகம்.

இவ்வளவு சொன்னாலும், கடந்த காலத்தைப் பேசவே கூடாது என்று சொல்கிற சிகிச்சையாளரிடம் நான் போகமாட்டேன். சில பேருக்குத் தொல்லை ஒரு லிஃப்டிலோ பஸ்ஸிலோ இல்லை. எந்த உறவிலும் நாலாவது மாதம் அதே சண்டை, எந்த வேலையிலும் அதே மேலதிகாரி. அந்த அச்சு எங்கே வார்க்கப்பட்டது என்று பார்ப்பது அவர்களுக்கு உதவும். இன்றைய உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சைகளும் ஃபிளாஷ்பேக்கைத் தேடி அலைவதில்லை. அந்த அச்சு இன்று, இந்த அறையில் சிகிச்சையாளரோடு பேசும்போதே எப்படி வெளிப்படுகிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கின்றன. அவற்றால் பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பிறகு, மனுஷனுக்குத் தன் கதை தெரிய வேண்டும். "இது உன் தப்பில்லை, இப்படி இப்படி நடந்ததால் இப்படி ஆனது" என்று ஒருவர் சொல்லும்போது தோளிலிருந்து இறங்கும் பாரம் பொய்யில்லை. மருந்தாக இல்லாவிட்டாலும் மருந்து சாப்பிடத் தெம்பு தரும்.

நீங்களோ வீட்டில் யாருமோ சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், "எதனால் வந்தது" என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே "இப்போது இது தொடர்வது எதனால், நாம் எதை மாற்றப்போகிறோம்" என்பதையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனையே இல்லாமல், வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் நேராக மூச்சுப் பயிற்சிக்குப் போகிறவரையும் சந்தேகிக்கலாம். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் இலவச எண் 14416, தமிழில் பேசுவார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடமிருந்து நாலாவது காரணம் கிடைத்தது. பழைய வீட்டில் கண்ணாமூச்சி விளையாடும்போது நான் நெல் பத்தாயத்துக்குள் ஒளிந்து, மூடி விழுந்து, வெகுநேரம் கழித்துத்தான் தூக்கினார்களாம். அத்தை கையை விரித்து அளவெல்லாம் காட்டினார். கேட்கக் கேட்க எனக்கு அந்த இருட்டும் நெல் தூசி வாசமும்கூட நினைவுக்கு வந்துவிட்டன. அண்ணன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "பத்தாயத்துக்குள்ள மாட்டினது நான், அத்தை. இவன் வெளிய நின்னு அழுதுட்டிருந்தான்" என்றான்.

அண்ணன் குடியிருப்பது பதினாலாவது மாடியில். லிஃப்டுக்குள் ஏறியதும் அவனுக்குக் கொட்டாவி வரும்.